முல்வா காட்டில் பயறு நட்டது யார்?

சந்தையிலிருந்து திரும்பிய முல்வா தன் மக்காச்சோளக் காட்டின் கிழக்கு மூலையில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டான். வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் தட்டைப்பயறு முளைத்து இலை விட்டிருந்தது. ஒன்றிரண்டு அல்ல. கயிறு பிடித்து நட்ட மாதிரி வரிசை வரிசையாக நின்றது. அவன் அங்கே எதையும் நடவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பயறு அங்கேயேதான் இருந்தது.

திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போவான். அவன் மேல் நாயை அவிழ்த்துவிடலாம், ஊரைக் கூட்டலாம். வந்து கொடுத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்வது என்று மக்குவேனி ஜில்லாவில் யாருக்கும் தெரியாது. முல்வாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பாதி தூரம் போனதும் நடை ஓட்டமாகிவிட்டது.

ஓட்டம் முசெம்பியின் மரத்தடியில் போய் நின்றது. முசெம்பி தேன்கூடு வைத்துப் பிழைக்கிறவன். மரத்துக்கு மேலே தேனீக்கள் உழைக்கும். மரத்துக்குக் கீழே முசெம்பி உட்கார்ந்துகொண்டு ஊருக்கு யோசனை சொல்வான்.

"யாரோ என் காட்டுல பயறு நட்டிருக்காங்க, பங்காளி."

"நல்லதுதானே. எனக்கும் கொஞ்சம் நட்டுட்டுப் போகச் சொல்லு."

"வெளையாடாதே. நான் அங்க எதையும் நடல."

முசெம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். பயந்த முகத்தைப் பார்த்தால் அவனுக்கு மூளை சுறுசுறுப்பாகிவிடும்.

"எந்த இடத்துல?"

"கெழக்கு மூலையில."

"அங்கதான் மக்காச்சோளம் போட்டிருக்கியே."

"மொளைக்கல. எலி தின்னுடுச்சு."

எலி தின்னவில்லை. அந்தக் கதை முல்வாவுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று முல்வா நினைத்துக்கொண்டிருந்தான்.

மழைக்கு முன்னால் பள்ளிக்கூடத்து மரத்தடியில் விவசாய அதிகாரி முனீ மேடம் கூட்டம் போட்டாள். "ஒரு குழிக்கு ஒரு சோடா மூடி உரம். ஒரு கை தொழுவுரம். ரெண்டு வரிசை மக்காச்சோளம், நடுவுல தட்டைப்பயறு, எட்ட எட்டத் துவரை. அவ்வளவுதான். நம்ம மண்ணுல எவ்வளவு ஈரம் இருக்கோ அவ்வளவுதான் பயிர் சாப்பிடும். மேல மேல கொட்டுனா காசும் போச்சு, பயிரும் போச்சு," என்றாள். முல்வா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேட்ட சூட்டோடு வீட்டுக்கு வந்து, மனைவி சியோம்புவாவின் பால் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய் விற்று, உர மூட்டையோடு திரும்பினான்.

சாயங்காலம் பால் சொம்போடு பட்டிக்குப் போன சியோம்புவா காலிச் சொம்போடு திரும்பி வந்தாள். சத்தம் போட்டிருந்தால் முல்வா பிழைத்திருப்பான். அவள் சத்தமே போடவில்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இனிமே உரத்தைக் கறந்து டீ போட்டுக்க."

அப்படியே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இருந்தவரை அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடத் தன் இஷ்டத்துக்கு இருந்ததில்லை. செருப்பை இங்கே விடாதே, மண்வெட்டியை அங்கே சாத்தாதே, களியை அப்படிக் கிளறாதே என்று பொழுதுக்கும் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் போனதும் முல்வாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. களியும் அடிப்பிடித்தது. அவன் மனைவியை ரொம்பத் தேடினான்.

போய்ச் சமாதானம் பேசலாம் என்றால் அங்கே மாமியார் இருக்கிறாள். அந்த ஊர் வழக்கப்படி மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக்கூடாது, மாமியார் மருமகன் முகத்தைப் பார்க்கக்கூடாது. பாதையில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு புதருக்குள் ஒதுங்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து முல்வா தன் மாமியார் கலேக்யேவின் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கிறான். அந்த முதுகே அவனுக்குப் பயமாக இருக்கும். பெண்கள் சங்கத்துத் தலைவி அவள். சந்தையில் அவள் பேரம் பேசினால் கடைக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்று பேச்சு.

அதனால் முசெம்பிதான் தூது போனான். பதிலும் அவன்தான் கொண்டுவந்தான்.

"கதவுக்குப் பின்னால இருந்து பேசினாங்க. 'மக்காச்சோளம் அவன் தலைக்கு மேல வளந்தா பொண்ணு வருவா. வளரலைன்னா அந்த உர மூட்டையையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தச் சொல்லு'ன்னுட்டாங்க."

முல்வாதான் ஊரிலேயே நெட்டை.

"நீ கொஞ்சம் குள்ளமாப் பொறந்திருக்கலாம், பங்காளி," என்று முசெம்பி ஆறுதல் சொன்னான்.

அந்தப் பயத்தோடுதான் அவன் தனியாக விதைத்தான். மேற்குப் பக்கம் ஒழுங்காக ஒரு மூடி. நடுவில் வந்தபோது மூடியை உற்றுப் பார்த்தான். ஒரு ஆட்டை விற்று, ஒரு மனைவியைத் தொலைத்து வாங்கிய உரத்தை இத்துனூண்டு போட்டால் தலைக்கு மேலே எப்படி வளரும்? இரண்டு மூடி போட்டான். கிழக்கு மூலைக்கு வந்தபோது பயம் முற்றி மூன்று மூடி, சில குழிகளில் ஒரு கை. பிறகு வானம் வாயை மூடிக்கொண்டது. மழை திரும்பி வருவதற்குள் கிழக்கு மூலையில் விதை முழுக்க வெந்துபோயிற்று. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போவதையே அவன் விட்டிருந்தான். யார் கேட்டாலும் எலி.

"எலி தின்ன எடத்துல பயறா," என்று முசெம்பி தாடையைத் தடவினான். "இது நெலத்துக்கு வைக்கிற கண்ணு."

"என்ன சொல்றே?"

"இன்னைக்கு நட்டவன் நாளைக்கு நெல வழக்குத் தீக்கற சீஃப் முன்னாடி போய் நிப்பான். 'அந்த மூலையில வெதைச்சவன் நான், அது என்னோட எடம்'பான். நீ எலியைச் சாட்சிக்குக் கூப்புடுவியா?"

முல்வா நேராகக் காட்டுக்குப் போய் அத்தனை பயறையும் வேரோடு பிடுங்கினான். பிடுங்கும்போது கை கூசியது. நல்ல ஜாதிப் பயறு, ஒவ்வொன்றும் திடமாக மண்ணைப் பிடித்திருந்தது. அவன் அதையெல்லாம் குவித்து ஓடையில் எறிந்தான்.

அடுத்த வியாழக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மண் மறுபடியும் கிளறப்பட்டிருந்தது. சில நாளில் பயறு மறுபடி முளைத்தது. இந்த முறை இன்னும் நெருக்கமாக. பிடுங்கினான். அதற்கடுத்த சந்தைக்குப் பிறகு மூன்றாவது தடவையும் முளைத்தபோது அவனுக்குக் கையை நீட்டத் தைரியம் வரவில்லை. நடுகிற ஆள் கோபத்தில் இருப்பது அந்த வரிசைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

ஈரமண்ணில் காலடி ஒன்று பதிந்திருந்தது. முசெம்பியைக் கூட்டிவந்து காட்டினான்.

"சின்னக் கால்," என்றான் முசெம்பி. "குள்ளமான ஆளு."

"அப்ப பயப்பட வேண்டாமா?"

"குள்ளமா இருக்கறவனுக்குத்தான் நெட்டையா இருக்கறவன் மேல கோவம் ஜாஸ்தி."

அன்றிலிருந்து முல்வா குனிந்தே நடந்தான்.

நல்லவேளையாக மழை மட்டும் மனது வைத்தது. மேற்கிலும் நடுவிலும் மக்காச்சோளம் முழங்காலைத் தாண்டியது. காலையில் எழுந்ததும் முல்வா பயிர் பக்கத்தில் நின்று தன் உயரத்தோடு அளந்து பார்ப்பான். இடுப்புக்கு இன்னும் ஒரு சாண், தோளுக்கு எவ்வளவோ. ஆனாலும் பச்சையைப் பார்க்கும்போது சியோம்புவாவின் குரல் வாசலில் கேட்கிற மாதிரி இருக்கும்.

அந்த வாரமும் வியாழக்கிழமை வந்தது. சந்தையிலிருந்து வந்தவன் குனிந்து பார்த்து அலறிவிட்டான். ஒவ்வொரு பயிரின் அடியிலும், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண் கீறி மூடப்பட்டிருந்தது. ஒரு பயிர் தப்பவில்லை.

"நோண்டியிருக்கான், பங்காளி. ஒண்ணு விடாம நோண்டியிருக்கான்."

மறுநாள் காலையில் முசெம்பி வந்து ஒரு குச்சியால் கிளறினான். ஈரமண்தான் இருந்தது.

"உரம் இருக்கா பாரு," என்றான்.

முல்வா நான்கைந்து இடத்தில் தோண்டினான். தோண்டிய வேகத்தில் வேர் அறுந்தது. உரம் ஒரு குருணைகூடக் கண்ணில் படவில்லை. நேற்று ராத்திரிதான் நல்ல மழை பெய்தது என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

"எடுத்துட்டான்," என்றான் முசெம்பி. "ஆட்டை வித்துப் போட்ட உரத்தை மூடி மூடியா நோண்டி எடுத்துட்டுப் போயிட்டான். இப்ப உன் பயிரு பட்டினி."

பட்டினி என்ற சொல்லைக் கேட்டதும் முல்வாவுக்கு பயிர் வளர்ந்த பிறகு போட வாங்கி வைத்திருந்த மேலுர மூட்டை ஞாபகம் வந்தது. மேடம் கொடுத்த கணக்கு இதற்கும் ஒரு மூடிதான். திருடன் இருக்கிற ஊரில் அந்தக் கணக்கு செல்லுமா? முல்வா மூட்டையை இழுத்துக்கொண்டு போய்க் கை கையாக அள்ளி, திருடனுக்கு எட்டாதபடி தண்டை ஒட்டிக் கொட்டினான். மூட்டை காலியான பிறகுதான் நிம்மதியாக மூச்சு விட்டான்.

பிறகு வெயில் பிடித்துக்கொண்டது. இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. காலையில் பயிரின் பக்கத்தில் நின்று அளந்து பார்ப்பதை முல்வா நிறுத்திக்கொண்டான்.

முனீ மேடம் மோட்டார் பைக்கில் வந்து இறங்கியபோது அவன் துவரைக்குள் ஒளியலாமா என்று யோசித்தான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன முல்வாண்ணே, எல ஓரமெல்லாம் தீஞ்சிருக்கு?"

"வெயிலு, மேடம்."

அவள் உட்கார்ந்து ஒரு பயிரின் அடியைக் கையால் விலக்கிப் பார்த்தாள். பிறகு இன்னொன்று.

"ரெண்டு தடவை மேலுரம் போட்டிருக்கீங்களா?"

"ஒரு தடவைதான், மேடம்."

"இல்லண்ணே. இங்க பாருங்க. ஒரு சாண் தள்ளிக் கீறி, வெச்சு மூடியிருக்கு. அப்படி அழகா இருக்கு. பாடம் எடுக்கறதுக்குக் காட்டலாம். அதுக்கு மேல தண்டை ஒட்டி யாரோ குடிச்சுட்டு வந்து கொட்டுன மாதிரி கெடக்கு. ரெண்டும் நீங்கதானா?"

இல்லை என்றால் வேறு யார் என்று கேட்பாள். சீஃப் வரைக்கும் போகும்.

"நான்தான், மேடம். ரெண்டும்."

"முதல் தடவை போட்டப்பவே நிறுத்தியிருந்தா இந்நேரம் தோள் உயரம் வந்திருக்கும். போட்ட காசு மூணு மடங்காத் திரும்பியிருக்கும்." அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "பரவாயில்ல, நல்ல மழை ஒண்ணு வந்தா பொழச்சுக்கும். ஆனா அந்த மூலையில பயறு போட்டீங்களே, அது புத்திசாலித்தனம். வெதை போன எடத்துல மறுபடி மக்காச்சோளம் போடாம பயறு போட்டது சரி. அதுக்கு உரமும் கேக்காது. சனிக்கிழமை பெண்கள் சங்கத்தைக் கூட்டிட்டு வந்து காட்டறேன்."

"எந்தச் சங்கம், மேடம்?"

"உங்க மாமியார் சங்கம்தான். அவங்களே வந்து பாக்கணும்னு சொன்னாங்க."

முல்வா அன்று சாப்பிடவில்லை. முசெம்பியிடம் போய்ச் சொன்னான். முசெம்பி சாய்ந்திருந்த மரத்திலிருந்து நிமிர்ந்தான்.

"அப்ப திருடன் உரத்தை எடுக்கல. போட்டிருக்கான்."

"ஆமா."

"சும்மா எவனாச்சும் அடுத்தவன் பயிருக்கு உரம் போடுவானா? அறுக்கப் போறவன்தான் ஆட்டைக் கொழுக்க வைப்பான். காடு மொத்தத்தையும் சேத்து வளைக்கறான், பங்காளி. பயறு அவனோடது, உரம் அவனோடது. உனக்குன்னு அங்க என்ன இருக்கு?"

யோசித்துப் பார்த்தால் கருகின இலை ஓரம் மட்டும்தான் முல்வாவுக்குச் சொந்தம்.

மறுநாள் முழுக்க அவன் வேலமுள் வெட்டினான். காட்டைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு முள்வேலி போட்டான். கையெல்லாம் கீறல். வேலி முடிந்த பிறகுதான் ஊற்றுக்குப் போகிற பாதையும் அதில் அடைபட்டது தெரிந்தது. குடம் சுமக்கிற பெண்கள் மேட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. போகிறபோது அவனையும் அவன் வம்சத்தையும் வாழ்த்திக்கொண்டே போனார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி இரண்டு மேடு தாண்டி மாமியார் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. 'வேலிக்குள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கான்' என்று அங்கே எல்லோரும் பேசிக்கொள்வதாக முசெம்பி வந்து சொன்னான்.

சனிக்கிழமை அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். கருகின இலையைப் பார்ப்பார்கள். நிலத்துக்கு வேறு எவனோ சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்தாலும் வருவான். சியோம்புவா இனி வரமாட்டாள். குழந்தை வளர்ந்து பாதையில் தன்னைப் பார்த்து யாரு இந்த நெட்டை மாமா என்று கேட்கும். அழுகை வரும்போலிருந்தது. சனிக்கிழமைக்கு முன்னால் அந்த ஆளைப் பிடித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினான். முதல் வளைவில் திரும்பி, ஓடைக்குள் இறங்கி, வேலியின் முள்ளுக்குள்ளேயே ஊர்ந்து காட்டுக்குள் வந்தான். வரப்போரத்தில் வெட்டாமல் விட்ட போன வருஷத்துத் துவரை ஆள் உயரம் நின்றது. அரிவாளைப் பிடித்துக்கொண்டு அதற்குள் குந்தினான். முசெம்பியையும் கூப்பிட்டிருந்தான். தேனீக்களைத் தனியாக விட்டுவிட்டு வரமுடியாது என்று முசெம்பி சொல்லிவிட்டான்.

வெயில் ஏறியது. எறும்பு ஏறியது. தூரத்தில் ஒரு மோட்டார் பைக் வந்து நின்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் வேலியில் முள் நகர்கிற சத்தம் கேட்டது.

முல்வா இலை இடுக்கு வழியாகப் பார்த்தான். பூப்போட்ட மேல்துணி ஒன்று பயிர் வரிசைக்குள் குனிந்து குனிந்து நகர்ந்தது. தண்டை ஒட்டிக் கிடந்த உரத்தைக் கையால் விலக்கி அப்பால் தள்ளியது. தொழுவுரத்தைக் கூடையிலிருந்து எடுத்துப் போட்டது. உட்கார்ந்து பயறுக்குக் களை எடுத்தது. ஆள் குள்ளம்தான்.

"யாரது?" என்று கத்திக்கொண்டு முல்வா எழுந்தான். கத்தல் பாதிதான் வந்தது.

அந்த உருவம் திடுக்கிட்டுத் திரும்ப முயன்றது. திரும்பி முடிப்பதற்குள் முல்வா அந்த முதுகை அடையாளம் கண்டுகொண்டான்.

அரிவாள் ஒரு பக்கம் விழுந்தது, முல்வா ஒரு பக்கம் விழுந்தான். முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டான். அதே நேரத்தில் அந்தப் பக்கம் இன்னொரு ஆள் தொப்பென்று விழுகிற சத்தமும் கேட்டது. மாமியாரும் முகத்தை மூடிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள்.

எழுந்தால் முகம் தெரியும். அதனால் இரண்டு பேரும் எழவில்லை. அடுத்த ஆள் முதலில் போகட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். எறும்புகள் முல்வாவின் கால்சட்டைக்குள் குடிபோயின. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ரொம்ப நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏ மக்காச்சோளமே. நான் வேற யார்கிட்டயும் பேசல, உன்கிட்டதான் பேசறேன். உன் கால்ல கணக்கா ஒரு மூடி உரம் வெச்சேனே. அதுக்கு மேல அள்ளிக் கொட்டுன முண்டம் யாரு?"

முல்வா தலையைத் தூக்காமல் பக்கத்திலிருந்த துவரையைப் பார்த்தான்.

"துவரையே, உரத்தை யாரோ எடுத்துட்டாங்கன்னு பயந்து போட்டதுன்னு சொல்லு."

"மக்காச்சோளமே, மழையில கரைஞ்சு போன உரத்தை எவன் எடுப்பான்? முனீ அத்தனை தடவை சொன்னாளே. அப்ப அந்த ஆளு தூங்கிட்டானான்னு கேளு."

"துவரையே, முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பயறைப் புடுங்குனது? அதுவும் ரெண்டு தடவை?"

"நெலத்தைப் புடுங்க வந்தவங்க நட்டதுன்னு நெனச்சேன், துவரையே."

அந்தப் பக்கம் ஒரு பெரிய பெருமூச்சு.

"கெழக்கு மூலையில எலி தின்னுச்சாம். மண்ணை மோந்து பாத்தாலே தெரியாதா, வெந்துபோன வெதைன்னு? மக்காச்சோளமே, நீ இந்த ஆளை நம்பி இருந்தியானா என் முட்டிவரைக்கும்கூட வளரமாட்டே."

முல்வாவுக்கு எல்லாம் முடிந்துபோனது மாதிரி இருந்தது. எலிக் கதைகூடத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் வந்து, தான் செய்த ஒவ்வொரு தப்பையும் பார்த்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை ஊரே சிரிக்கப் போகிறது.

"துவரையே," என்றான். குரல் உடைந்தது. "சியோம்புவாவும் கொழந்தையும் நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவளும் எறும்புக்கடியில் இருக்கிறாள் போல என்று முல்வா நினைத்தான்.

"கிமேயு," என்று அவள் திடீரென்று குரல் கொடுத்தாள். "டேய் கிமேயு, இங்க வா."

மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றி ஓட்டுகிற கிமேயு முள்ளை விலக்கிக்கொண்டு வந்தான். பட்டப்பகலில் மாமியாரும் மருமகனும் ஆளுக்கொரு வரிசையில் குப்புறக் கிடப்பதைப் பார்த்து அவன் தலையைச் சொறிந்தான். பிறகு விஷயம் புரிந்தது. அவளுடைய மேல்துணியை வாங்கி விரித்துத் திரையாகப் பிடித்தான். திரைக்கு அந்தப் பக்கமாக அவள் எழுந்து, வேலி தாண்டி, பாதையில் இருந்த மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முல்வா எழுந்து எறும்பு தட்டினான். கிமேயு கூடையை எடுக்கத் திரும்பி வந்தான். கூடையில் கொஞ்சம் தொழுவுரமும், அடியில் முக்கால்வாசி காலியான ஒரு உரப்பையும் இருந்தன.

"இவங்க வாராவாரம் வர்றது உனக்குத் தெரியுமா?"

"நான்தானேண்ணே ஏத்திக்கிட்டு வர்றேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. இப்பதான் நீங்களே பாத்துட்டீங்களே."

"உள்ளதைச் சொல்லு, கிமேயு. நான் கையாலாகாதவன்னு ஊருக்குக் காட்டத்தானே இதெல்லாம்? இதை வெச்சே சியோம்புவாவை அனுப்பாம நிறுத்திடுவாங்க, அதானே?"

கிமேயு மரத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அந்தம்மா தன் சொந்தக் காட்டுக்கு வாங்கி வெச்சிருந்த உரத்தைப் பூராவும் உங்க பயிருக்குத்தான் போட்டிருக்காங்க. 'சாப்பாடு இல்லாமக்கூட ஒரு வருஷம் இருந்துடுவேன் கிமேயு, வாய் ஓயாத அந்தப் பொண்ணோட இன்னும் ஒரு மாசம் என்னால இருக்க முடியாது'ன்னு வழி பூரா அழுதுக்கிட்டேதான் வருவாங்க."